பெரட்டுக்களத்துக்குப் போன பெட்ரோலும் மூன்று ஏக்கர் செம்பனையும்

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக (வெளிவேலையை மேற்பார்க்கும் எழுத்தராக) இருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எனக்குச் சம்பளம் 5,600 வெள்ளி (ரிங்கிட்). தோட்டம் கொடுத்த வீட்டில் இருக்கிறேன். பயணப்படி மாதம் 650 தனியாக வரும். டவுனில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் வரி பாரம் போட்டுக் கொடுப்பவரிடம்தான் நானும் போட்டேன். திரும்பக் கிடைக்கும் காசில் நூற்றுக்கு இருபது அவருக்கு. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் வேலைக்கான பெட்ரோல் என்று 4,800, அப்பா மருத்துவச் செலவு என்று 8,000 போட்டிருக்கிறார். இப்போது ரசீதெல்லாம் கேட்டு எல்.எச்.டி.என். (மலேசிய வருமான வரி வாரியம்) கடிதம் வந்திருக்கிறது. பெட்ரோல் ரசீது கொஞ்சம் இருக்கிறது. அப்பாவுக்கு 600 வெள்ளிக்குத்தான் இருக்கும். போன், பூட்ஸ், காடி (கார்) தவணை எல்லாம் வேலைக்காகத்தானே, அவற்றைக் காட்டி ஈடுகட்டலாமா? இனிமேல் ஆடிட் வராமல் இருக்க என்ன வழி? அப்புறம், அப்பா கொடுத்த 3 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. மாதம் 1,200 போல வரும். அதைக் காட்டியதில்லை. சின்னக் காசுதானே?"

தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தச் செம்பனைதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ஆனால் கையில் இருக்கும் கடிதத்துக்குத் தேதி போட்டிருப்பார்கள், அதனால் அதை முதலில் முடிப்போம், செம்பனைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வேலைச் செலவு என்பது ஒன்று, வரி விலக்கு என்பது வேறு. உங்களுக்குப் பாரம் போட்டுக் கொடுத்த அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டார். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 33ஆம் பிரிவில், வருமானத்தை ஈட்டுவதற்காக மட்டுமே, முழுக்க முழுக்க அதற்காகவே செலவானதைத்தான் கழிக்க விடுகிறது. 39ஆம் பிரிவு வீட்டுச் செலவையும் சொந்தச் செலவையும் வெளியே தள்ளிவிடுகிறது. சம்பளக்காரனுக்கு இந்தக் கதவு ரொம்பக் குறுகலானது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "இது இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போக முடியுமா?" என்பதல்ல. சாப்பிடாமல்கூடத்தான் வேலைக்குப் போக முடியாது, அதற்காகச் சோற்றுக் காசைக் கழிக்க விடுவார்களா? "வேலை செய்துகொண்டிருக்கும்போது, அந்த வேலையே இந்தச் செலவை என் தலையில் வைத்ததா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இதைப் பெட்ரோலில் வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். காலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து பெரட்டுக்களத்துக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) மோட்டாரில் போகிறீர்களே, அது வேலைக்குப் போகும் பயணம், உங்கள் சொந்தச் செலவு. பெரட்டு முடிந்து ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டு, ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்கு வெட்டு பார்க்கப் போகிறீர்களே, அது வேலைக்குள் நடக்கும் பயணம். மாலையில் வீடு திரும்புவது மறுபடியும் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஈப்போவுக்குக் கூட்டிப்போனதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் கடைக்காரர் ஒன்றைக் கவனிக்கவே இல்லை, இல்லை கவனித்தும் விட்டுவிட்டார். வேலைப் பயணத்துக்காக முதலாளி கொடுக்கும் பெட்ரோல் படி, பயணப்படி, டோல் காசு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை வரி இல்லை. உங்களுக்கு மாதம் 650, ஆண்டுக்கு 7,800. அதில் 6,000 ஏற்கெனவே விலக்கில் போய்விட்டது, ஈஏ பாரத்தின் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்றின்) கடைசிப் பகுதியில் விலக்கான படி என்று போட்டிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். மீதி 1,800தான் வருமானத்தில் சேரும். வேலைப் பயணத்துக்கு 6,000-க்கு மேலும் செலவானது என்று பதிவு வைத்து நிரூபித்தால் அந்த 1,800-லிருந்தும் கழிக்கலாம். அவ்வளவுதான் இடம். அதற்கு மேல் 4,800 எங்கிருந்து வந்தது? வரியே கட்டாத காசுக்கு இன்னொரு முறை கழிவு கேட்டதாகத்தான் அது நிற்கும்.

பதிவு என்றால் பெட்ரோல் நிலைய ரசீதுக் கட்டு மட்டும் போதாது. ரசீது நீங்கள் எண்ணெய் ஊற்றினீர்கள் என்று சொல்லும், எங்கே போனீர்கள் என்று சொல்லாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, எத்தனை கிலோமீட்டர் என்று அன்றன்றைக்கு ஒரு வரி எழுதுங்கள். செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) எழுதும் கைக்கு இது ஒரு நிமிஷ வேலை. 2023-க்கு அப்படி ஒன்று இல்லை என்றால், இப்போது உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். அதுவரை கவனக்குறைவாக இருந்தது அந்த நிமிஷத்தில் ஏமாற்றாக மாறிவிடும். வேண்டுமென்றே வரி ஏய்ப்பதற்கு 114ஆம் பிரிவில் அபராதம் உண்டு, மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு, அதற்கு மேல் ஏய்த்த வரியைப் போல் மூன்று மடங்கு தண்டமும் உண்டு.

காடி தவணை, சட்டை, கால்சட்டை, வீட்டுச் சாமான் எதுவும் வேலைச் செலவில் வராது. பூட்ஸ் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டியது, பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது, அதனால் வரியில் தேடாமல் ஆபீசில் கேளுங்கள். மருத்துவர், பொறியியலாளர் மாதிரி ஆட்கள் தொழிலில் நீடிக்கக் கட்டாயமாகக் கட்டும் உறுப்பினர் கட்டணத்தைக் கழிக்கலாம். உங்களுக்கு அது பொருந்தாது.

போன் விஷயம் வேறு. அதை வேலைச் செலவாகக் காட்ட முடியாது, ஆனால் வாழ்க்கைமுறை விலக்கு என்று ஒன்று இருக்கிறது, ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய போன், கணினி, புத்தகம், உங்கள் பெயரில் வரும் இண்டர்நெட் பில் எல்லாம் அதில் வரும். கடைக்காரர் இந்த இடத்தில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று பாருங்கள். இல்லாததை எழுதிவிட்டு உரிமையானதை விட்டுவிட்ட கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு வயிறு எரிவது அங்கேதான். இபிஎப்புக்கு (ஊழியர் சேமநிதி) 4,000 வரை, ஆயுள் காப்புறுதிக்கு 3,000 வரை, சொக்சோவுக்கு (சமூகப் பாதுகாப்புச் சந்தா) 350 வரை, வேலை இல்லாத மனைவிக்கு 4,000, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு 2,000. இவை எல்லாம் உங்களுக்கு உரியவை, இருந்தால் கூசாமல் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் 131ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுக்குள் எழுதிக் கேட்கலாம்.

கோயில் திருவிழாவுக்குக் கொடுத்த நன்கொடையையும் சிலர் போட்டுவிடுகிறார்கள். எல்.எச்.டி.என். அங்கீகரித்த அமைப்பாக இருந்து, அந்த அனுமதி விவரம் ரசீதில் இருந்தால்தான் அது செல்லும்.

இன்னொன்று, தோட்ட வீட்டில் இருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. முதலாளி கொடுக்கும் வீட்டுக்கும் ஒரு மதிப்புப் போட்டு வருமானத்தில் சேர்ப்பார்கள். டவுன் வீடாக இருந்தால் அது சம்பளத்தில் 30 விழுக்காடு வரை போகலாம். ஆனால் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு 3 விழுக்காடுதான். உங்கள் கணக்கில் சம்பளம் 67,200, படியில் மீதி 1,800, ஆக 69,000. அதில் 3 விழுக்காடு 2,070 வெள்ளி. ஈஏ பாரத்தில் வீட்டுக்கான இடத்தில் இதைவிடப் பெரிய தொகை இருந்தால் ஆபீசில் போய்க் கேளுங்கள். கிராணிமார் பலர் அந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை.

சரி, அப்பாவின் மருத்துவச் செலவு. பெற்றோர் மருத்துவத்துக்கு உச்சவரம்பு 8,000. உச்சவரம்பு என்றால் அதுவரை உண்மையாகச் செலவானதைக் கேட்கலாம் என்றுதான் அர்த்தம், எல்லாருக்கும் தூக்கிக் கொடுக்கும் தொகை இல்லை. அப்பா மலேசியாவில் வசிக்க வேண்டும், சிகிச்சையும் இங்கேயே நடந்திருக்க வேண்டும், பதிவு பெற்ற மருத்துவர் சான்று வேண்டும், ரசீது வேண்டும். உங்கள் அண்ணன் தம்பிகள் யாராவது அதே ரசீதைத் தங்கள் கணக்கில் காட்டியிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு ரசீதை இரண்டு பேர் காட்ட முடியாது. உங்களிடம் இருப்பது 600 என்றால் நிற்கப்போவது 600தான். கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ பழைய ரசீதின் நகல் கேட்டால் சில இடங்களில் எடுத்துக் கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். வேறு யார் பெயரிலோ உள்ள ரசீதை வாங்கி வைக்காதீர்கள்.

இப்போது இதெல்லாம் எவ்வளவு காசு என்று பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் தூக்கமில்லாமல் எழுதியது கடிதத்திலேயே தெரிகிறது. உங்களுக்கு உரிய விலக்கு மட்டும் போக உங்கள் சரியான வரிக்குரிய வருமானம் சுமார் 48,000 வரும். பெட்ரோல் 4,800 முழுதும் விழுந்து, மருத்துவத்தில் 7,400 விழுந்தால் மொத்தம் 12,200. 35,000-க்கும் 50,000-க்கும் நடுவில் 2023-இல் விகிதம் 6 விழுக்காடு. அப்படியானால் குறைத்துக் கட்டிய வரி 732 வெள்ளி. அதில் கடைக்காரருக்கு 146 வெள்ளி 40 காசு போய்விட்டது. 113ஆம் பிரிவு, குறைந்த வரிக்குச் சமமான தொகை வரை தண்டம் போட அனுமதிக்கிறது, ஆக மோசமாகப் போனால் வரியும் தண்டமும் சேர்ந்து 1,464. முதல் முறை தவறு செய்து, கேட்டதைக் கொடுத்து ஒத்துழைப்பவருக்கு முழுத் தண்டம் போடுவது வழக்கமில்லை. ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம். வீட்டை விற்க வேண்டிய நிலைமை இல்லை தம்பி, இதை மனைவியிடமும் சொல்லுங்கள்.

ஆகையால் கடிதத்துக்குப் பதில் இப்படிப் போகட்டும். முதலில் அது உண்மையான கடிதம்தானா என்று எல்.எச்.டி.என்.-இன் மைடெக்ஸ் இணையக் கணக்கிலோ ஈப்போ கிளையிலோ உறுதி செய்யுங்கள், எல்.எச்.டி.என். பெயரில் போலியாக வாட்ஸ்அப் அனுப்பிக் காசு பிடுங்கும் கூட்டம் உண்டு. உண்மை என்றால் அதில் போட்ட தேதிக்குள் பதில் போக வேண்டும். ஆவணம் திரட்ட நாள் போதாது என்றால் அந்தத் தேதிக்கு முன்பே எழுதி அவகாசம் கேளுங்கள். சும்மா இருந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. பதிலில் எது நிற்கிறதோ அதற்கு ரசீது வையுங்கள், எது நிற்கவில்லையோ அதை "இதற்கு ஆதாரம் இல்லை, இந்தக் கழிவை விலக்கிக் கணக்கிடவும்" என்று நேராக எழுதுங்கள். கடைக்காரர்தான் போட்டார் என்று நீளமாக விளக்க வேண்டாம். மின்பாரம் (இணையத்தில் அனுப்பிய வரி பாரம்) உங்கள் அடையாள அட்டை எண்ணிலும் உங்கள் ரகசிய எண்ணிலும் கையெழுத்தாகி இருக்கிறது, சட்டத்தின் கண்ணில் அதைப் போட்டது நீங்கள். பிறகு புது மதிப்பீட்டு நோட்டீஸ் வந்து, அது தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் கியூ பாரம் போட்டு மேல்முறையீடு செய்யலாம்.

அந்த ரகசிய எண்ணை இன்றைக்கே மாற்றுங்கள். இன்னொருவருக்காக வரி வேலை பார்ப்பவர் 153ஆம் பிரிவின் கீழ் உரிமம் பெற்ற வரி முகவராக இருக்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பவருக்கு அந்தத் தொகையைப் பெருக்கிக் காட்டுவதில்தான் லாபம், பிறகு கடிதம் வருவது உங்கள் வீட்டுக்கு.

ஆடிட் வராமல் இருக்க வழி கேட்டீர்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது. 2004-லிருந்து தனிநபருக்கு சுயமதிப்பீட்டு முறைதான், நாமே கணக்குப் போட்டு நாமே அனுப்புகிறோம், ரசீதுகளை இணைப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பிறகு சிலரைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கிறார்கள். கணினி அபாயக் கணக்குப் போட்டு எடுக்கிறது, முதலாளியிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வரும் தகவலோடு ஒப்பிட்டும் எடுக்கிறார்கள். உச்சவரம்பை அப்படியே முழுசாகப் போட்ட கணக்கு கண்ணில் படும் என்பது என் எண்ணம். ஆனால் உண்மையில் 8,000 செலவாகியிருந்தால் பயந்துகொண்டு 5,000 என்று குறைத்துப் போடாதீர்கள், அதுவும் தவறுதான். கணக்கு சரியாக இருந்தால் ஆடிட் என்பது ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வரும் வேலை. ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்து ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றைக்கே போனில் படம் பிடித்து, ஆண்டு வாரியாகச் சேர்த்து வையுங்கள்.

இனி செம்பனை.

மாதம் 1,200 என்றால் ஆண்டுக்கு 14,400. அது சின்னக் காசு இல்லை, மறைந்த காசும் இல்லை. செம்பனைக் குலை விற்க எம்.பி.ஓ.பி. (மலேசிய செம்பனை வாரியம்) உரிமம் வேண்டும், வியாபாரி ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் அந்த உரிம எண்ணில்தான் எழுதுகிறார், பணம் பெரும்பாலும் வங்கியில் விழுகிறது. உங்கள் பெயர் ஏற்கெனவே இன்னொருவர் ஏட்டில் இருக்கிறது என்று சொல்கிறேன். இந்த வருமானம் வந்த நாளிலிருந்து நீங்கள் போட்டிருக்க வேண்டியது வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கான பிஈ பாரம் இல்லை, வியாபார வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரம். அதற்குக் கெடு ஏப்ரல் 30 இல்லை, ஜூன் 30.

ஆனால் பாருங்கள், நீங்கள் இவ்வளவு நாள் தேடிக்கொண்டிருந்த வேலைச் செலவுக் கழிவு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. உரம், களைக்கொல்லி, வெட்டுக் கூலி, லாரி வாடகை, அரிவாள் மாதிரி கருவிகள், நிலவரி எல்லாம் அந்த வருமானத்தை ஈட்டுவதற்காகவே ஆனவை. உரக்கடை பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வெட்டுகிறவருக்குக் காசு கொடுத்தால் பெயர், அடையாள அட்டை எண், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வியாபாரி கொடுக்கும் நிறுவைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மச்சானுக்குக் கூலி கொடுத்ததாகக் காட்டுவதென்றால் உண்மையில் கொடுத்திருக்க வேண்டும். செலவு 6,400 என்று வைத்தால் லாபம் 8,000. உங்கள் 48,000-க்கு மேல் அது ஏறினால் முதல் 2,000-க்கு 6 விழுக்காடு, மீதி 6,000 பதினொரு விழுக்காட்டுப் படியில் விழும். 120-உம் 660-உம் சேர்ந்து ஆண்டுக்கு 780 வெள்ளி.

எத்தனை ஆண்டு என்பதுதான் இப்போது கேள்வி. சாதாரணமாக எல்.எச்.டி.என். ஐந்து ஆண்டு வரை பின்னோக்கிப் போய் மதிப்பீடு செய்யலாம், ஏமாற்றோ கவனக்குறைவோ இருந்தால் அந்த எல்லையும் கிடையாது. அவர்கள் கேட்பதற்கு முன் தானாகச் சொல்பவருக்குத் தண்டம் குறைவு. ஆய்வு தொடங்கியபின் அந்த அளவு சலுகை எதிர்பார்க்க முடியாது, அதனால் 2023-க்குக் கொஞ்சம் இழப்பு இருக்கலாம். மற்ற ஆண்டுகளுக்குக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. கெடு முடிந்து ஆறு மாதம் ஆகாத ஆண்டாக இருந்தால் திருத்திய பாரம் ஒரே ஒரு தடவை போடலாம், அதைத் தாண்டிய ஆண்டுகளுக்குக் கிளைக்கு எழுத்து மூலம் சொல்ல வேண்டும். ரசீதுக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே செம்பனையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இரண்டு வெள்ளிக்கு ரசீது காட்டிவிட்டு இதை மறைத்து வைத்தால், பிறகு அவர்களே கண்டுபிடிக்கும்போது நீங்கள் சொன்ன நிஜத்தையும் நம்ப மாட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து தவணை கட்டச் சொல்லி சிபி500 என்று ஒரு நோட்டீஸ் வரலாம், பயப்படாதீர்கள், வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு அது வழக்கம்.

எழுதுவதற்கு முன் ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். "அப்பா கொடுத்த" என்று எழுதியிருக்கிறீர்கள். நிலத்தின் கிராண்ட் (நிலப்பட்டா) யார் பெயரில் இருக்கிறது, எம்.பி.ஓ.பி. உரிமம் யார் பெயரில், காசு விழுவது யார் வங்கிக் கணக்கில்? மூன்றும் உங்கள் பெயர் என்றால் நான் மேலே சொன்னபடிதான். கிராண்டும் உரிமமும் இன்னும் அப்பா பெயரில் இருந்து, காசை அவர் வாங்கி உங்களுக்குக் கொடுக்கிறார் என்றால் கணக்கு காட்ட வேண்டியவர் அவராக இருக்கலாம், அப்போது பதிலின் வாசகமே மாறும். அந்த மூன்றின் நகலையும் ஈஏ பாரத்தையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பாவது, உரிமம் உள்ள ஒரு முகவரிடம் போய் உட்காருங்கள்.